ரிலேட்டிவ் கிரேடிங்கும் என் தங்கச்சியும்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு, நாலு தடவை ஆரம்பிச்சு, நாலு தடவையும் அழிச்ச விஷயம் இது. எழுதலாமான்னு தங்கச்சிகிட்டயே கேட்டேன். "என் பேரைப் போடாத, காலேஜ் பேரைப் போடாத, அம்மா அழுததை எழுதாத. மத்தபடி என்னமோ பண்ணிக்கோ"ன்னுட்டா. முதல் ரெண்டும் இதுல வராது. மூணாவதைப் பத்தி இத்தோட நிறுத்திக்கறேன் :-)

நான் பெங்களூர்ல பொட்டி தட்டுறவன். ஊர் விருதுநகர் பக்கம். அப்பா போக்குவரத்துக் கழகத்துல கிளார்க்கா இருந்து ஓய்வு பெற்றவர். நானும் இஞ்சினியரிங், தங்கச்சியும் இஞ்சினியரிங். (எங்க தெருவுல அப்படிப் படிக்காதவங்களைத்தான் விரல் விட்டு எண்ணணும்.) ஆனா அவ என்னை மாதிரி இல்லை. பள்ளிக்கூடத்துல முதல், காலேஜ்ல முதல். கேம்பஸ்ல வேலை கிடைச்சு ஒண்ணரை வருஷம் பாத்துட்டு, "எனக்கு இது போதாதுண்ணே"ன்னு கேட் தேர்வு எழுதினா. 2021-ல அந்தத் தேர்வை எழுதினவங்க சுமார் 1.92 லட்சம் பேர். அதுல 99 பெர்சன்டைலுக்கு மேலன்னா ஏறக்குறைய 1,900 பேருக்குள்ள ஒருத்தி. வடக்கே ஒரு பெரிய பி-ஸ்கூல்ல சீட். அப்பா ஊர்ல எல்லா டீக்கடையிலயும் சொல்லிட்டாரு.

கல்விக்கடன் 22 லட்சம். கூட கையெழுத்துப் போட்டது நான்.

2022 ஜூன்ல சேந்தா. முதல் ரெண்டு வாரம் போன்ல ஒரே உற்சாகம். மூணாவது வாரத்துலேர்ந்து புதுப் பாஷை பேச ஆரம்பிச்சா. "சிபி போடணும்", "ஆர்ஜி பண்ணிட்டான்", இப்படி. சிபின்னா வகுப்புல வாயைத் திறந்து பேசறது. அதுக்கு மார்க் உண்டு. ஹார்வர்டுல ஆரம்பிச்ச கேஸ் முறை இது; அங்க பல பாடங்கள்ல மார்க்ல பாதி வரைக்கும் வகுப்புல பேசறதுக்குத்தான். நம்மூர் பி-ஸ்கூல்கள்ல அந்த அளவு இல்லைன்னாலும், யாரு என்ன சொன்னாங்கன்னு பின்வரிசையில ஒருத்தர் உக்காந்து குறிச்சுக்கிட்டே இருப்பாராம். யோசிச்சுட்டுப் பேசற பழக்கம் உள்ளவங்க கை தூக்கறதுக்குள்ள, யோசிக்காமப் பேசறவங்க மூணு பேர் பேசி முடிச்சிருப்பாங்க. பன்னெண்டு வருஷம் தமிழ் மீடியத்துல "சத்தம் போடாதே"ன்னு சொல்லி வளத்த பிள்ளைக்கு இது எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

ஆர்ஜிங்கறது ரிலேட்டிவ் கிரேடிங். நீங்க எடுத்த மார்க் முக்கியமில்லை, அடுத்தவன் எவ்வளவு எடுத்தான்ங்கறதுதான் முக்கியம். அந்த வார்த்தையே அங்க வினைச்சொல் ஆயிடுச்சு. நோட்ஸை மறைச்சு வெச்சா, "நான் ஒண்ணுமே படிக்கலடா"ன்னு பொய் சொன்னா, "ஆர்ஜி பண்றான்"னு சொல்லுவாங்க. விளையாட்டாத்தான் சொல்லுவாங்களாம். ஆனா விளையாட்டா சொல்ற சொல்லுலதானே ஒரு ஊரோட குணம் தெரியும்?

இதுல கணக்கு ரொம்ப எளிசு. 60 பேர் வகுப்பு. 60 பேருமே அவங்கவங்க காலேஜ்ல முதல் ஆளு. ஆனாலும் 30 பேர் பாதிக்குக் கீழதான் இருந்தாகணும். யாரு எவ்வளவு படிச்சாலும் அது மாறாது. வாழ்நாள் முழுக்க "நான் முதல்"ங்கற ஒரே செங்கல்லை வெச்சு வீடு கட்டினவங்களுக்கு முதல் டேர்ம் ரிசல்ட் வந்தன்னைக்கு அந்த செங்கல்லை உருவிடறாங்க. ஹெர்பர்ட் மார்ஷ்ங்கற கல்வி உளவியலாளர் 1980-கள்லயே இதைப் பத்தி எழுதியிருக்காரு. அதே திறமையுள்ள பிள்ளை, கெட்டிக்காரங்க நிறைஞ்ச இடத்துக்குப் போனா தன்னைப் பத்தின மதிப்பீடு கீழ இறங்கிடுது. மீன் அதேதான், குளம்தான் பெருசு.

எங்க வீட்டு மீனுக்கு இன்னொரு முள்ளும் குத்துச்சு. ஒரு நாள் குரூப் மீட்டிங்ல ஒருத்தன், "உனக்கென்ன, டைவர்சிட்டி மார்க்ல வந்துட்ட"ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லியிருக்கான். பொண்ணுங்களுக்குச் சில இடங்கள்ல சேர்க்கையில கூடுதல் புள்ளி உண்டு, உண்மைதான். இவ வாங்கின மார்க்குக்கு அது தேவைப்பட்டுச்சாங்கறது வேற விஷயம். ஆனா அந்த வாக்கியம் உள்ள போயி உக்காந்துக்கிச்சு. 1978-ல பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ்னு ரெண்டு உளவியலாளர்கள் ஒரு கட்டுரை எழுதினாங்க. நல்லா சாதிச்ச பெண்கள் சுமார் 150 பேர்கிட்ட பேசி, "நான் தகுதியில்லாம இங்க வந்துட்டேன், ஒரு நாள் கண்டுபிடிச்சுருவாங்க"ங்கற பயம் எப்படி ஒட்டிக்கிட்டே இருக்குன்னு சொன்ன கட்டுரை. இம்போஸ்டர்னு இன்னைக்கு எல்லாரும் சொல்றது அங்கேர்ந்து வந்ததுதான். தங்கச்சிக்கு அந்தக் கட்டுரையை அனுப்பினேன். "படிச்சேன். அவங்க எல்லாம் நிஜமாவே தகுதியானவங்கண்ணே, நான் அப்படி இல்லை"ன்னு பதில் வந்துச்சு. இதுக்கு மேல என்னத்தைச் சொல்ல!

செப்டம்பர்லேர்ந்து போன் குறைய ஆரம்பிச்சுது. பேசினாலும் "ம்", "சரி", "தூங்கணும்". தூங்கறதே இல்லைங்கறது அப்புறம்தான் தெரிஞ்சுது. காலையில ஒம்போது மணிக்கு வகுப்பு. ராத்திரி பதினொரு மணிக்குத்தான் குரூப் மீட்டிங்கே ஆரம்பிக்கும். ரெண்டு ரெண்டரைக்கு முடியும். அப்புறம் மறுநாள் கேஸ் இருபது முப்பது பக்கம். நடுவுல திடீர் க்விஸ். இதெல்லாம் போதாதுன்னு சம்மர் பிளேஸ்மென்ட். சேந்து நாலஞ்சு மாசத்துலேயே, இன்னும் பாடமே பாதி நடக்காதப்போ, அடுத்த வருஷ இன்டர்ன்ஷிப்புக்கு கம்பெனிகள் வந்து ஆள் எடுப்பாங்க. அதுக்கு முன்னாடி ஷார்ட்லிஸ்ட் வரும். பேர் இருக்கறவங்க பட்டியல், மொத்த பேட்சுக்கும் ஒரே மெயில்ல. யார் பேர் இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும். யார் பேர் இல்லைன்னும் எல்லாருக்கும் தெரியும். பதினாலு பட்டியல் வந்துச்சு. பதினாலுலயும் இவ பேர் இல்லை.

அவ எனக்கு அப்புறமா சொன்ன ஒரு கணக்கு இன்னும் என் மண்டையில ஓடிட்டிருக்கு. 22 லட்சத்தை ரெண்டு வருஷத்தோட நாள்களால வகுத்தா, ஒரு நாளைக்கு மூவாயிரம் ரூபாய். காலையில கட்டில்லேர்ந்து எந்திரிக்க முடியாமப் படுத்துக் கிடந்த ஒவ்வொரு நாளும், "மூவாயிரம், மூவாயிரம்"னு எண்ணிக்கிட்டே படுத்திருந்திருக்கா.

அக்டோபர் கடைசியில ஒரு ராத்திரி ரெண்டேகால் மணிக்குப் போன். நான் ரிலீஸ் வேலையில முழிச்சுத்தான் இருந்தேன். அழலை. ரொம்ப அமைதியா, ஏதோ அடுத்த வீட்டுக்காரங்களைப் பத்திச் சொல்ற மாதிரி, "நாளைக்கு காலையில எந்திரிக்காமலே இருந்தா நல்லா இருக்கும்னு தோணுதுண்ணே"ன்னா.

எனக்கு வயித்துல என்னமோ பண்ணுச்சு. இந்த இடத்துல நம்மாளுங்க என்ன செய்வோம்? "ச்சீ, அப்படியெல்லாம் பேசாத"ன்னு வாயை மூடிருவோம். எங்க ஆபீஸ்ல எப்பவோ ஒரு டாக்டர் வந்து பேசினது நல்லவேளையா ஞாபகம் இருந்துச்சு. நேராக் கேக்கணும்னு சொல்லியிருந்தாரு. கேட்டா அந்த எண்ணமே புதுசா வந்துடும்ங்கறது வெறும் நம்பிக்கைதான், உண்மையில்லைன்னு உலக சுகாதார நிறுவனமும் சொல்லுது. கேட்டேன். "செத்துப் போகணும்னு நினைக்கிறியா? ஏதாவது பண்ணிக்கணும்னு யோசிச்சு வெச்சிருக்கியா?" கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "இல்லைண்ணே. பண்ணிக்கணும்னு இல்லை. இருக்க முடியலைன்னு மட்டும் இருக்கு"ன்னா. அதுக்கப்புறம்தான் அழுதா. பக்கத்து ரூம் பொண்ணை எழுப்பச் சொல்லி, அவகிட்ட பேசி, அன்னைக்கு ராத்திரி ரெண்டு பேரும் ஒரே ரூம்ல படுக்கற வரைக்கும் போனை வைக்கலை. காலையில மொத ஃபிளைட்.

கேம்பஸ் அழகா இருந்துச்சு. மரம், மயில், ஏரி. இவ்வளவு அழகான இடத்துல இவ்வளவு இருண்ட முகங்களான்னு இருந்துச்சு. கவுன்சிலர் இருக்காரான்னு கேட்டேன். இருக்காரு, வாரத்துல ரெண்டு நாள். தங்கச்சி வர மாட்டேன்னா. "பிளேஸ்மென்ட் கமிட்டிக்குத் தெரிஞ்சுடும். யாரும் என்னை எடுக்க மாட்டாங்க." அந்தப் பயம் அவளுக்கு மட்டும் இல்லையாம், எல்லாருக்குமே உண்டாம். 2017-ம் வருஷத்து மனநலப் பாதுகாப்புச் சட்டம் சிகிச்சை விவரத்தை ரகசியமா வெச்சுக்கற உரிமையைக் கொடுத்திருக்குன்னு போன்ல தேடிக் காமிச்சேன். சட்டத்தைப் பாத்து வந்தாளா, நான் விட மாட்டேன்னு வந்தாளான்னு தெரியாது. வந்தா.

வெளிய ஒரு மர பெஞ்ச். அங்க ஏற்கனவே ஒரு பையன் உக்காந்திருந்தான். இவளைப் பாத்ததும் போனுக்குள்ள தலையை விட்டுக்கிட்டான். இவளும் அப்படியே. உள்ள போயிட்டு வந்தப்புறம் மெதுவா கேட்டேன், யாருன்னு. "எங்க செக்‌ஷன் டாப்பர்ண்ணே"ன்னா. அவ முகத்துல அன்னைக்குத்தான் மொத தடவையா லேசா ஒரு ஆச்சரியம். என்னைக் கேட்டா, அந்த முக்கா மணி நேர ஆலோசனையை விட அந்த பெஞ்ச் அதிகமா வேலை செஞ்சுதுன்னுதான் சொல்லுவேன்.

கவுன்சிலரே, "இது பேச்சோட தீராது, டாக்டரைப் பாருங்க"ன்னாரு. டேர்ம் லீவுல ஊருக்குக் கூட்டிட்டு வந்து மதுரையில ஒரு மனநல மருத்துவரைப் பாத்தோம். மாத்திரை பத்திக் கொஞ்சம் சொல்லிடறேன், ஏன்னா நிறைய பேர் இங்கதான் பாதியில விட்டுட்டு ஓடறாங்க. எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரை போட்ட அன்னைக்கே ஒண்ணும் நடக்காது. மொத வாரம் குமட்டல்தான் வரும். மனசுல வித்தியாசம் தெரிய ரெண்டுலேர்ந்து ஆறு வாரம் ஆகும். இவளுக்கு மூணரை வாரம் ஆச்சு. சரியாயிடுச்சுன்னு தோணினதும் நாமளா நிறுத்தக் கூடாது, டாக்டர்தான் படிப்படியாக் குறைப்பாரு. "இதுக்கு அடிமையாயிடுவாளா?"ன்னு அப்பா கேட்டாரு. "பிபி மாத்திரைக்கு நீங்க அடிமையா?"ன்னு டாக்டர் திருப்பிக் கேட்டாரு. அப்பா அதுக்கப்புறம் அவரோட ரசிகர் :-)

டாக்டர் ஒரு கேள்வித்தாள் கொடுத்தாரு. பிஎச்க்யூ-9னு பேரு. ஒம்போது கேள்வி, போன ரெண்டு வாரத்துல தூக்கம் எப்படி, பசி எப்படி, எதுலயாவது ஆர்வம் இருக்கான்னு. ஒவ்வொண்ணுக்கும் 0-லேர்ந்து 3 வரை, மொத்தம் 27. பத்தைத் தாண்டினா டாக்டரைப் பாக்கறது நல்லது. ஒம்போதாவது கேள்வி உயிரை மாய்ச்சுக்கற எண்ணம் பத்தினது. அதுல பூஜ்யத்தைத் தவிர வேற எது வந்தாலும் மொத்தத்தைப் பாக்காம உடனே பேசணும். நம்ம ஆளுங்களுக்கு நம்பர்னா ஒரு நம்பிக்கை வந்துடும் இல்லையா. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை நிரப்பி எனக்கு அனுப்புவா, நான் ஷீட்ல போட்டு கிராஃப் வரைஞ்சு திருப்பி அனுப்புவேன். மொத தடவை 18. அடுத்தது 17. அப்புறம் 17. அப்புறம் 12. நடுவுல ஒரு தடவை 15-க்கு ஏறுச்சு, மிட்டேர்ம் வாரம். "எனக்கு எதுவுமே மாறலை"ன்னு அவ சொன்ன அன்னைக்கு அந்தக் கோடு கீழ இறங்கிக்கிட்டு இருந்துச்சு. அடுத்தவனோட ஒப்பிடாத ஒரே ஒரு மார்க்ஷீட் அதுதான்னு அப்புறமா ஒரு நாள் சொன்னா.

மத்த எல்லாம் சின்னச் சின்ன விஷயம். பட்டியல் மெயிலை அவ திறக்கவே மாட்டா. பக்கத்து ரூம் பொண்ணு பாத்துட்டு, பேர் இருந்தா மட்டும் வந்து கதவைத் தட்டுவா. இல்லைன்னா ஒண்ணும் சொல்ல மாட்டா. பதிலுக்கு அந்தப் பொண்ணோட பட்டியலை இவ பாப்பா. குரூப் மீட்டிங்குக்கு ஒரு மணிக்கு மேல இருக்க மாட்டேன், என் பங்கை மதியமே முடிச்சுக் கொடுத்துடறேன்னு சொல்லிட்டா. ரெண்டு பேர் முணுமுணுத்தாங்க. மத்த ரெண்டு பேர், "அப்போ நாங்களும்"னுட்டாங்க! படுக்கறது எப்போவா இருந்தாலும் எந்திரிக்கற நேரம் மட்டும் மாறக் கூடாதுன்னு டாக்டர் உத்தரவு. சாயங்காலம் ஏரியைச் சுத்தி நடை. கேட்டுக்கு வெளிய டீக்கடை அக்காகிட்ட அரைகுறை ஹிந்தியில கதை. "அவங்களுக்கு என் சிஜிபிஏ தெரியாதுண்ணே"ன்னு சொல்லுவா.

ஆனா பாரத்தை நிஜமா இறக்கினது என்னன்னு கேட்டா, கடன் கணக்குதான். அப்பா நல்ல மனுஷன். "வீட்டை வித்தாவது கடனைக் கட்டிடறேன் தாயி, நீ கவலைப்படாத"ன்னாரு. அந்த வாக்கியத்தைக் கேட்ட பிள்ளை எப்படிக் கவலைப்படாம இருக்கும்? அன்பாச் சொல்றதாலயே கனம் கூடிடற வார்த்தைகள் இருக்கு. நான் ஒரு ஷீட் போட்டேன். பிளேஸ்மென்ட்ல ஒண்ணுமே கிடைக்கலை, பழைய வேலை மாதிரி 38,000 ரூபாய் சம்பளத்துல ஒண்ணுதான் கிடைக்குதுன்னு வெச்சுக்கோ. படிக்கற காலத்து வட்டியை நான் கட்டிட்டு வரேன். 22 லட்சம், 10 சதவீத வட்டி, 15 வருஷம். மாசத் தவணை சுமார் 23,600. நீ பாதி, நான் பாதி. வீடு விக்கற வரியே இந்த ஷீட்ல கிடையாது. ரொம்ப நேரம் அதையே பாத்துட்டிருந்தா. "அவ்வளவுதானா?"ன்னு கேட்டா. அவ்வளவுதான். பேய் எவ்வளவு உயரம்னு அளந்து பாத்தா அஞ்சரை அடிதான் இருந்துச்சு.

காலேஜ்காரங்க ஒண்ணுமே செய்யலைன்னு சொல்ல மாட்டேன். மனநல வாரம்னு ஒண்ணு கொண்டாடினாங்க. யோகா, வெளியேர்ந்து ஒருத்தர் வந்து தன்னம்பிக்கை உரை. வராதவங்களுக்கு வருகைப்பதிவு கட். (நிஜமாத்தாங்க.) மூட்டை தூக்கறவன்கிட்ட மூச்சுப்பயிற்சி சொல்லிக் கொடுக்கறீங்க, மூட்டையைக் கொஞ்சம் இறக்கலாமேன்னு யாரும் யோசிக்கறதில்லை. யோசிக்கவே முடியாத விஷயமும் இல்லை. அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்ட், வார்ட்டன், சிகாகோ பூத் மாதிரி பி-ஸ்கூல்கள்ல படிக்கறவங்க தங்களோட கிரேடை வேலைக்கு எடுக்கற கம்பெனிகிட்ட சொல்லக் கூடாதுன்னு ஒரு ஏற்பாடு ரொம்ப காலமா இருக்கு. பெரும்பாலும் மாணவர்களே சேந்து முடிவு பண்ணினது. அந்த ஸ்கூல்கள் மூழ்கிடலை. நம்மூர்ல 2025 மார்ச்ல உச்ச நீதிமன்றம் உயர்கல்வி மாணவர்களோட மனநலத்துக்காக, ஓய்வு பெற்ற நீதிபதி ரவீந்திர பட் தலைமையில ஒரு பணிக்குழு அமைச்சுது. அதே வருஷம் ஜூலையில, 100 மாணவர்களோ அதுக்கு மேலயோ இருக்கற ஒவ்வொரு கல்வி நிறுவனமும் தகுதியுள்ள ஆலோசகர் ஒருத்தரையாவது வெச்சிருக்கணும்னு இன்னொரு வழக்குல சொல்லுச்சு. நல்ல விஷயம். ஆனா ஆலோசகர் இருந்தா போதாது, அந்த பெஞ்ச்ல உக்காந்தா மரியாதை போயிடாதுங்கற சூழலும் வேணும். அதை நீதிமன்றம் உத்தரவு போட்டுக் கொண்டுவர முடியாது.

"நிஜ வேலையில அழுத்தம் இருக்கும், அதுக்குத்தான் இந்தப் பயிற்சி"ன்னு ஒரு வாதம் உண்டு. இதுக்கு ஒரு பொட்டி தட்டறவனா பதில் சொல்லலாம். நாங்களும் லோட் டெஸ்ட் பண்ணுவோம், சர்வர் எங்க ஒடையும்னு பாக்கத்தான் பண்ணுவோம். ஆனா பக்கத்துலயே நாலு ஸ்கிரீன்ல கண்ணு வெச்சிருப்போம். சூடு ஏறினா நிறுத்திடுவோம். லோடை மட்டும் ஏத்திட்டு, கிராஃபை யாரும் பாக்காம, ஒடைஞ்சப்புறம் "இந்த சர்வருக்கு மன உறுதி போதலை"ன்னு ரிப்போர்ட் எழுத மாட்டோம்.

ஒண்ணு நியாயமாச் சொல்லணும். அவ படிப்பை வெறுக்கலை. ரெண்டாவது வருஷம் ஆபரேஷன்ஸ் பாடம் எல்லாம் ரசிச்சுப் படிச்சா. ஒரு டேர்ம் விட்டுட்டுத் திரும்பலாமான்னு ஒரு கட்டத்துல யோசிச்சோம். டாக்டரும் அதுல தப்பே இல்லைன்னாரு. அவதான் தொடர்றேன்னா. சம்மர் இன்டர்ன்ஷிப் கடைசி நாள்ல ஒரு கம்பெனியில கிடைச்சுது. 2024-ல முடிச்சா. இப்ப புனேல ஒரு கம்பெனியில சப்ளை செயின் வேலை. மாத்திரை நின்னு ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. தவணை முழுசா அவளே கட்டறா, என் பாதியை வாங்கிக்க மாட்டேங்கறா.

போன மாசம் ஒரு வாரம் அவ வீட்டுல தங்கியிருந்தேன். ராத்திரி பதினொரு மணி இருக்கும். எங்க ஊர்ப்பக்கத்துப் பொண்ணு ஒண்ணு, வேற ஏதோ பி-ஸ்கூல்ல முதல் வருஷம், யாரோ நம்பர் கொடுத்துக் கூப்பிட்டிருக்கு. நாப்பது நிமிஷம் பேச்சு. இவ அதிகம் பேசலை. "சாப்பிட்டியா? என்ன சாப்பிட்ட? நேத்து எத்தனை மணிக்குத் தூங்கின? முந்தாநாள்?" அப்புறம் நான் அன்னைக்குக் கேட்ட அதே கேள்வியை, குரல் நடுங்காம, நேராக் கேட்டா. பதிலைக் கேட்டுட்டு, "சரி. எழுதிக்கோ, 14416. டெலி மானஸ், கவர்மென்ட் நம்பர், காசு கிடையாது. நான் போன் எடுக்கலைன்னா அதுக்குப் போடு. ராத்திரி ரெண்டு மணிக்கும் எடுப்பாங்க, தமிழ்லயும் பேசுவாங்க. இப்ப உன் பக்கத்து ரூம்ல யாரு இருக்கா?"ன்னா.

அந்தப் பொண்ணு ஏதோ ஒரு பேர் சொல்லியிருக்கும் போல. "போய்க் கதவைத் தட்டு. நான் லைன்லயே இருக்கேன்"னு சொல்லிட்டு, போனைக் காதுல வெச்சபடியே, என்னைப் பாத்து அடுப்புல பால் பொங்குதுன்னு கையைக் காமிச்சா.